கேட்காமலே கழுத்துக்குப் போகும் கை

வணக்கம். இது பாலியல் வன்முறை பற்றிய வீடியோ. கேட்கச் சிரமமாக இருந்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள், தப்பில்லை.

வன்முறையான ஆபாசப் படம் பார்க்கிறவன் நிஜத்திலும் அத்துமீறுவானா? இதைப் பற்றி வருஷக்கணக்காகச் சண்டை நடக்கிறது. நான் ஒரே ஒரு செயலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: உடலுறவின்போது கழுத்தை நெரிப்பது.

(திரையில்: 58%)

அமெரிக்காவில் இண்டியானா பல்கலைக்கழகப் பேராசிரியர் டெபி ஹெர்பெனிக்கின் குழு 2020ல் ஆயிரக்கணக்கான கல்லூரி மாணவர்களிடம் கேட்டது. மாணவிகளில் 58 சதவீதம் பேர் தங்களுக்கு இது நடந்திருக்கிறது என்றார்கள். பாதிக்கும் மேல்! எல்லாமே விருப்பமில்லாமல் நடந்தது என்று சொல்ல முடியாது, சரி. ஆனால் பிரிட்டனில் 2019ல் பிபிசிக்காக 18 முதல் 39 வயதுவரையான சுமார் 2,000 பெண்களிடம் எடுத்த கருத்துக்கணிப்பைப் பாருங்கள். தாங்கள் சம்மதித்த உறவிலேயே அறைவது, கழுத்தை நெரிப்பது, துப்புவது மாதிரி ஏதோ ஒன்று தங்களுக்கு வேண்டாதபோதும் நடந்திருக்கிறது என்று 38 சதவீதம் பேர் சொன்னார்கள். உறவுக்குத்தானே சரி என்றாள், அடிக்கச் சொன்னாளா? அவன் கேட்கவே இல்லை.

ஏன் கேட்கவில்லை? அவன் பார்த்த படங்களில் யாருமே கேட்பதில்லை. கை கழுத்துக்குப் போகும், அந்தப் பெண் ரசிப்பதுபோல் நடிப்பாள், படம் அப்படியே நகர்ந்துவிடும். கேமராவுக்கு வெளியே என்ன பேசினார்கள், யார் நிறுத்தச் சொன்னார்கள் என்பதெல்லாம் பார்க்கிறவனுக்குத் தெரியவே தெரியாது. இந்த மாதிரிப் படங்களைத் தேடிப் போகவேண்டிய அவசியம்கூட இல்லை. பிரிட்டனில் அதிகம் பார்க்கப்படும் ஆபாசத் தளங்களில் புதிதாக நுழைகிறவருக்கு முகப்பில் காட்டப்படும் தலைப்புகளில் எட்டில் ஒன்று பாலியல் வன்முறையை விவரிக்கிறது என்று 2021ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. இங்கிலாந்தின் குழந்தைகள் ஆணையரின் 2023 அறிக்கைப்படி, முதல் தடவை ஆபாசப் படம் பார்க்கும் சராசரி வயது 13. முதல் முத்தத்துக்கு முன்பே பாடம் முடிந்துவிடுகிறது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது அமெரிக்காவில் மிஷேல் யிபாராவின் குழு 2011ல் வெளியிட்ட ஆய்வு. 10 முதல் 15 வயதுப் பிள்ளைகளை 36 மாத காலம் தொடர்ந்து கவனித்தார்கள். வன்முறையான ஆபாசத்தை வேண்டுமென்றே பார்த்தவர்கள், பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டதாகத் தாங்களே சொல்லும் வாய்ப்பு கிட்டத்தட்ட 6 மடங்கு இருந்தது. வன்முறை இல்லாத ஆபாசத்துக்கு அப்படித் தெளிவான தொடர்பு தெரியவில்லை. அப்போ வித்தியாசம் வன்முறையில்தான் இருக்கிறது.

இதை வைத்துப் படம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே முரட்டுத்தனம் உள்ளவன் அந்த மாதிரிப் படங்களைத் தேடிப் போகலாம். பெண்கள் மீது பகையும் வெறுப்பும் உள்ள ஆண்களிடம்தான் பாதிப்பு அதிகம் என்பது அமெரிக்க உளவியல் ஆய்வாளர் நீல் மாலமுத் பல வருஷமாகச் சொல்லிவரும் கருத்து. ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழுத்து விஷயத்தில் எனக்குப் பயம் அந்த வெறுப்புக்காரனைப் பற்றி மட்டும் இல்லை. கெட்ட எண்ணம் துளியும் இல்லாத ஒரு பையன், 'எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க, அவளுக்கும் பிடிக்கும்' என்று நம்பிக் கையை வைக்கிறானே, அவனைப் பற்றியும்தான்.

(திரையில்: கழுத்தின் ரத்தக் குழாய்கள்)

கழுத்தின் இரண்டு பக்கமும் மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் தோலுக்கு வெகு அருகில் ஓடுகின்றன. அழுத்தினால் சில நொடிகளிலேயே நினைவு தப்பலாம். வெளியே ஒரு தடம்கூடத் தெரியாமல் இருக்கலாம். குழாயின் உள்சுவர் கிழிந்துவிட்டால், சில நாள் கழித்துக்கூடப் பக்கவாதம் வரலாம். மெதுவாகத்தானே பிடித்தேன் என்பது இங்கே பாதுகாப்பே இல்லை.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022 ஜூன் முதல் கழுத்தை நெரிப்பது தனிக் குற்றம், 5 ஆண்டுவரை சிறை. நெரிப்பதைக் காட்டும் ஆபாசப் படங்களையே தடை செய்யப்போவதாக பிரிட்டன் அரசு 2025 ஜூனில் அறிவித்தது. அது தேவைதான் என்பேன்.

உங்களுக்கு இப்படி நடந்திருந்தால், குரல் மாறியிருக்கிறதா, விழுங்கும்போது வலிக்கிறதா, தலைவலி, பார்வை மங்கல், கை கால் மரத்துப்போவது ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், கழுத்தை நெரித்தார்கள் என்று டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ஒன்றுமே தெரியாவிட்டாலும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.