ராப்சடி: தைத்துச் சேர்த்த பாட்டு

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

மேலை இசையில் அடிக்கடி காதில் விழும் 'ராப்சடி' என்னும் சொல்லுக்குக் 'கட்டற்ற இசை' என்று பொருள் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிடுகிறோம். அந்தப் பொருள் பாதிதான் சரி என்பதைச் சொல்லவே இங்கு நிற்கிறேன்.

தைத்தல் என்னும் வினையும் பாட்டு என்னும் பெயரும் கூடிப் பிறந்த கிரேக்கச் சொல் இது. காவியப் பகுதிகளை மக்கள் முன் ஓதியவர்களைக் கிரேக்கர்கள் 'பாட்டைத் தைப்பவர்' என்று பொருள்படவே அழைத்தார்கள். செய்யுள் செய்வதை 'யாத்தல்', அதாவது கட்டுதல், என்று சொல்லி வந்த நமக்கு இந்தப் பார்வை அந்நியமாகப் படாது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிராக் நகரத்துத் தோமாஷெக் தம் பியானோ உருப்படிகளுக்கு இப்பெயரைச் சூட்டினார்; அதை உலகறியச் செய்தவர் ஹங்கேரிய இசையமைப்பாளர் ஃபிரான்ஸ் லிஸ்ட். அவருடைய 19 ஹங்கேரிய ராப்சடிகளுள் இரண்டாவதைக் கேளுங்கள். கனத்து நடக்கும் மெதுவான பகுதி முடிந்ததும் துள்ளலான பகுதி வருகிறது. ஆனால் அது திடீரென்று வெடித்துக் கிளம்புவதில்லை. முன்பு மெதுவான பகுதியில் கேட்ட ஒரு மெட்டையே தாழ்ந்த குரலில் எடுத்துக்கொண்டு, பிறகு படிப்படியாக வேகம் பிடிக்கிறது. இரண்டு துணிகளும் சேரும் தையல் அங்கேதான் ஓடுகிறது. சொனாட்டா என்னும் இசை வடிவத்துக்கு இருப்பதுபோல, இன்ன இடத்தில் இன்னது திரும்பி வரவேண்டும் என்ற முன்விதி இதற்கு இல்லை. எதை எங்கே சேர்ப்பது என்பதை இசையமைப்பாளரே ஒவ்வொரு முறையும் தீர்மானித்தாக வேண்டும். அது எளிய வேலை அன்று என்றே நான் கருதுகிறேன்.

1934இல் ரஷ்ய இசையமைப்பாளர் ரக்மானினோவ் பியானோவுக்கும் இசைக்குழுவுக்குமாக எழுதிய படைப்பு, வயலின் மேதை பகனினியின் ஒரு கருமெட்டை எடுத்துக்கொண்டு 24 மாறுபாடுகளாக விரிகிறது. முதலில் கருமெட்டைச் சொல்லிவிட்டு, பிறகு அதையே விதவிதமாக மாற்றி வாசிக்கும் 'கருமெட்டும் மாறுபாடுகளும்' என்பது கணக்கு வழுவாத பழைய வடிவம். அப்படியிருக்க, அதற்கு ராப்சடி என்று எப்படிப் பெயர் வைத்தார்? முதல் மாறுபாடு ஒலித்த பிறகுதான் கருமெட்டே வருகிறது என்பதைக் கவனித்தால் காரணம் புலப்படும். வரிசையைக் கலைக்கும் உரிமையை அவர் தம் கையில் வைத்துக்கொண்டார். பலர் தனியே கேட்டு உருகும் 18ஆம் மாறுபாட்டிலோ, பகனினியின் மெட்டில் மேலேறிய சுரங்கள் கீழிறங்குகின்றன, இறங்கியவை ஏறுகின்றன. படபடத்து ஓடிய அதே மெட்டு, தலைகீழாகி மெதுவாக நடக்கும்போது, அடையாளம் தெரியாத ஒரு காதல் பாட்டாக மாறி நிற்கிறது.