ஐந்தில் ஒன்றுதான் தீர்ந்தது: சர்வீஸ்நவ்வில் வேரியபிளும் அதன் ஸ்கோப்பும்

[திரை: ஒரு பேரன்ட் இன்சிடென்ட். அதன் கீழே ஐந்து சைல்டு இன்சிடென்ட்கள், எல்லாம் நிலுவையில்.]

வணக்கம். மெயில் சர்வர் படுத்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குத்தான் மேலே இருக்கும் பேரன்ட் இன்சிடென்ட். "எனக்கு மெயில் வரவில்லை" என்று ஐந்து பேர் தனித்தனியாகப் புகார் கொடுத்திருக்கிறார்கள். அவைதான் கீழே இருக்கும் ஐந்து சைல்டு. பேரன்ட்டை ரிசால்வ் செய்தால் ஐந்தும் தானாக ரிசால்வ் ஆக வேண்டும். இந்தப் புகார்களை நிர்வகிக்கும் மென்பொருளான சர்வீஸ்நவ்வில் இதற்கு ஏற்கெனவே ஓர் ஏற்பாடு உண்டு. இந்த வீடியோவுக்காக அதை அணைத்துவிட்டு, அதே வேலைக்கு நானே ஒரு பிசினஸ் ரூல், அதாவது ரெக்கார்டு சேவ் ஆகும்போது தானாக ஓடும் ஸ்கிரிப்ட், எழுதி வைத்திருக்கிறேன். இப்போது ரிசால்வ் கொடுக்கிறேன்.

[திரை: ரெஃப்ரெஷ். முதல் சைல்டு மட்டும் ரிசால்வ்டு.]

ஒன்றுதான் ஆனது. மீதி நாலும் நகரவே இல்லை. எரர் மெசேஜ் கிடையாது, லாகிலும் ஒன்றும் விழவில்லை. சில வருடங்களுக்கு முன்னால் இதே மாதிரி ஒன்றில் எனக்கு ஒரு முழு வெள்ளிக்கிழமை போனது. யாரையும் குறை சொல்ல வழியில்லை, அந்த ரூலை எழுதியதே நான்தான்.

[திரை: ரூலின் ஸ்கிரிப்ட். முதல் வரியில் மஞ்சள் வட்டம்.]

ஸ்கிரிப்டைப் பார்ப்போம். முதல் வரியில் 'வேர் ஜிஆர்' என்று ஒரு வேரியபிள்; அதை அறிவிக்கும் சொல்தான் 'வேர்'. இன்சிடென்ட் டேபிளைத் தேடும் ஒரு கிளைட் ரெக்கார்டு (டேபிளில் ரெக்கார்டுகளைத் தேடி மாற்ற உதவும் சர்வீஸ்நவ் கருவி) அதற்குள் இருக்கிறது. அடுத்த வரி வடிகட்டி: இந்தப் பேரன்ட்டின் சைல்டு மட்டும் வேண்டும். அப்புறம் குவெரி. அப்புறம் ஒரு வைல் லூப்: ஜிஆரில் அடுத்த ரெக்கார்டு இருக்கும்வரை சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஸ்டேட்டை 6 ஆக்கு, அப்டேட் செய். 6 என்றால் ரிசால்வ்டு, 7 என்றால் க்ளோஸ்டு. லாஜிக்கில் ஒரு பிழையும் இல்லை. இதை இன்டர்வியூவில் எழுதினால் பாஸ் போட்டுவிடுவார்கள்.

கோளாறு இந்த ஸ்கிரிப்டுக்கு வெளியே இருக்கிறது. லூப்புக்குள் 'அப்டேட்' என்ற வரி ஓடியதும் முதல் சைல்டு சேவ் ஆகிறது. சேவ் ஆகிறது என்றால், இன்சிடென்ட் டேபிளில் இருக்கும் மற்ற பிசினஸ் ரூல்களும் அந்தச் சைல்டுக்காக ஓடும். ஆசிங்க் ரூல்கள் மட்டும் பின்னால் தனியாக ஓடும். சேவுக்கு முன்னும் பின்னும் ஓடும் பிஃபோர், ஆஃப்டர் வகை ரூல்கள் அங்கேயே, அந்த நொடியே ஓடி முடிய வேண்டும். நம் லூப் பாதியில் காத்துக்கொண்டு நிற்கும்.

[திரை: இரண்டாவது ரூல். அதிலும் 'வேர் ஜிஆர்'.]

இதோ அந்த இன்னொரு ரூல். வேறு யாரோ, வேறு வேலைக்காக எழுதியது: சப்போர்ட் குரூப்பின் மேனேஜர் யார் என்று பார்க்கிறது. அதிலும் வேரியபிளின் பெயர் ஜிஆர். கிளைட் ரெக்கார்டைச் சுருக்கி ஜிஆர் என்று வைப்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் உள்ள பழக்கம். பெயர் ஒன்றாக இருப்பதே குற்றம் என்று சொல்ல மாட்டேன். இரண்டு ஸ்கிரிப்டுமே ஃபங்ஷனுக்குள் இல்லாமல் வெட்டவெளியில் கிடக்கின்றன, அதுதான் வினை. ஜாவாஸ்கிரிப்டில் ஃபங்ஷனுக்கு வெளியே 'வேர்' போட்டால் அந்தப் பெயரின் ஸ்கோப், அதாவது அது செல்லுபடியாகும் எல்லை, குளோபல் ஆகிவிடும். இரண்டு ரூலும் ஒரே ஜிஆரைத்தான் தொடுகின்றன.

ஹாஸ்டலில் இருந்தவர்களுக்கு இது உடனே புரியும். பாத்ரூமில் ஒரே ஒரு பொது பக்கெட். நீங்கள் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு சோப்பு எடுக்க ரூமுக்குப் போகிறீர்கள். திரும்பி வந்தால் பக்கெட் அதே இடத்தில் இருக்கிறது, ஆனால் உள்ளே இன்னொருவன் ஊற வைத்த துணி. உங்கள் தண்ணீர் போய்விட்டது. யாரும் திருடவில்லை. பொதுச் சாமானைத் தன்னுடையது என்று இரண்டு பேர் நினைத்தார்கள், அவ்வளவுதான்.

இப்போது லூப்புக்குத் திரும்புவோம். முதல் சைல்டு சேவ் ஆகி முடிந்தது. லூப் கேட்கிறது: "ஜிஆர், அடுத்த ரெக்கார்டு இருக்கிறதா?" ஆனால் ஜிஆருக்குள் இப்போது இருப்பது அந்தக் குரூப் தேடல். அதில் இருந்ததே ஒரு ரெக்கார்டுதான், அதையும் படித்தாயிற்று. "இல்லை" என்று பதில் வருகிறது. லூப் நல்ல பிள்ளையாக வெளியேறிவிடுகிறது. அது தன் கணக்கில் வேலையைச் சரியாகத்தான் முடித்திருக்கிறது, அதனால்தான் எரர் வரவில்லை.

இதைவிட மோசமாகவும் போகலாம். இரண்டாவது ரூலும் இன்சிடென்ட்களையே தேடி, ரெக்கார்டுகள் மீதமிருக்கும் நிலையில் ஜிஆரை விட்டுவிட்டுப் போயிருந்தால், நம் லூப் அந்த ரெக்கார்டுகளை எடுத்து ஸ்டேட் 6 போட்டு அப்டேட் செய்யப் பார்க்கும். அது யாருடைய இன்சிடென்ட்டோ! ஒன்று மட்டும் ரிசால்வ் ஆனதற்கு நான் நன்றி சொல்ல வேண்டும்.

[திரை: அதே ஸ்கிரிப்ட், இப்போது ஒரு ஃபங்ஷனுக்குள்.]

சரி, தீர்வு. புதிதாக ஒரு பிசினஸ் ரூல் திறந்து அட்வான்ஸ்டு டிக் செய்தால், ஸ்கிரிப்ட் பெட்டி காலியாக வராது. எக்சிக்யூட் ரூல் என்ற ஒரு ஃபங்ஷன் தயாராக வரும், கரன்ட், பிரீவியஸ் என்ற இரண்டையும் வாங்கிக்கொண்டு. கரன்ட் என்றால் இப்போது சேவ் ஆகும் ரெக்கார்டு, பிரீவியஸ் என்றால் மாறுவதற்கு முன்னால் இருந்தது. நிறைய பேர் அந்த நாலு வரியை அலங்காரம் என்று நினைத்து அழித்துவிட்டு, பழைய ரூலிலிருந்து காப்பி அடித்ததை ஒட்டுவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். அந்த ஃபங்ஷன் உங்கள் ரூமுக்குள் இருக்கும் சொந்த பக்கெட். அதற்குள் 'வேர்' போட்ட பெயர் வெளியே தெரியாது, வெளியே இருக்கும் ஜிஆர் அதைத் தொடவும் முடியாது.

[திரை: மீண்டும் ரிசால்வ். ஐந்தும் ரிசால்வ்டு.]

ஐந்தும் ஆயிற்று. லாஜிக்கில் ஓர் எழுத்துகூட மாற்றவில்லை.

ஆனால் ஃபங்ஷன் போட்டாயிற்று என்று நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். ஃபங்ஷனுக்குள்ளேயே 'வேர்' போட மறந்து, வெறுமனே 'கவுன்ட் ஈக்வல் டு ஜீரோ' என்று எழுதினால், அந்தக் கவுன்ட் சத்தமில்லாமல் குளோபலுக்குப் போய்விடும். இன்னொன்று: 'வேர்' ஃபங்ஷனை மட்டும்தான் மதிக்கும். இஃப், ஃபார் போன்றவற்றின் அடைப்புக்குறிகள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. லூப்புக்குள் அறிவித்த வேரியபிள் லூப் முடிந்த பிறகும் உயிரோடு இருக்கும். 'லெட்', 'கான்ஸ்ட்' இரண்டும் அப்படி இல்லை, அடைப்புக்குறி முடிந்தால் அவையும் முடிந்தன. ஆனால் சர்வீஸ்நவ்வின் சர்வர் பக்கம் வெகுகாலம் பழைய ஜாவாஸ்கிரிப்டில்தான் ஓடியது. ஸ்கோப்டு அப்ளிகேஷன்களில் (தனி எல்லை கொண்டவை, பின்னால் சொல்கிறேன்) புதிய ஜாவாஸ்கிரிப்ட் எழுத வழி வந்தது 2022-இன் டோக்கியோ வெளியீட்டில். பழைய முறையில் ஓடும் ஸ்கிரிப்டில் 'லெட்' எழுதி, ஏன் திட்டுகிறது என்று தலையைச் சொறிய வேண்டாம்.

[திரை: லேப்டாப் கேட்கும் கேட்டலாக் படிவம்.]

இனி ஒரு பெயர்க் குழப்பம். பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகத்தில் வேரியபிளுக்கு 'மாறி', ஸ்கோப்புக்கு 'வரையெல்லை' என்று அழகாகவே இருக்கும். ஆபீசில் வேரியபிள், ஸ்கோப் என்றுதான் சொல்கிறோம். சிக்கல் என்னவென்றால், சர்வீஸ்நவ்வில் இரண்டு சொல்லுக்குமே இன்னொரு அர்த்தமும் உண்டு. டெவலப்பரும், கேட்டலாக்கை, அதாவது பொருளோ சேவையோ கேட்கும் படிவங்களைப் பார்த்துக்கொள்பவரும் ஒரே மீட்டிங்கில் "அந்த வேரியபிள்" என்று அரைமணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் வேறு வேறு சாமானைப் பற்றிப் பேசியதைக் கண்டுபிடிப்பார்கள்.

கேட்டலாக்கில் வேரியபிள் என்றால் படிவத்தில் இருக்கும் கேள்வி. "எந்த மாடல் லேப்டாப்?", "எதற்காக வேண்டும்?" இவை ஒவ்வொன்றும் ஒரு வேரியபிள். ஜாவாஸ்கிரிப்ட் வேரியபிள் அந்த ஓட்டம் முடிந்ததும் மறைந்துவிடும். இது டேட்டாபேஸில் சேமிக்கப்பட்டு, அந்த ரிக்வெஸ்ட் ஐட்டத்தோடு ஒட்டிக்கொண்டு இருக்கும். ஸ்கிரிப்டில் 'கரன்ட் டாட் வேரியபிள்ஸ் டாட்' போட்டு, கேள்வியின் பெயரைச் சொல்லி எடுக்கலாம். படிவத்திலிருந்து நேராக ஒரு ரெக்கார்டை உருவாக்கும் ரெக்கார்டு புரொட்யூசராக இருந்தால் 'புரொட்யூசர் டாட்' என்று ஆரம்பிக்க வேண்டும்.

இதற்கும் ஒரு வகையில் எல்லை உண்டு. ஒரே ஐட்டத்துக்குக் கீழே மூன்று கேட்டலாக் டாஸ்க் இருக்கலாம்: ஒன்று ஸ்டோருக்கு, ஒன்று நெட்வொர்க் டீமுக்கு, ஒன்று ஃபைனான்ஸுக்கு. பயனர் எழுதிய பதில் எந்த டாஸ்க்கில் தெரிய வேண்டும் என்பதை வொர்க்ஃப்ளோவில் (அந்த வேலைகளை வரிசையாக நடத்தும் ஏற்பாடு) டாஸ்க் உருவாகும் இடத்தில் தேர்ந்தெடுக்கலாம். வேரியபிளில் 'குளோபல்' என்ற பெட்டியை டிக் செய்தால் எல்லா டாஸ்க்கிலும் தெரியும். பாருங்கள், இங்கேயும் குளோபல் என்ற அதே சொல், அர்த்தம் வேறு.

ஸ்கோப்புக்கும் அதே கதை. அப்ளிகேஷன் ஸ்கோப் என்று ஒன்று 2015-இல் ஃபூஜி வெளியீட்டோடு வந்தது. உங்கள் அப்ளிகேஷனுக்கு எக்ஸ் அண்டர்ஸ்கோரில் தொடங்கும் ஒரு முன்னொட்டு கிடைக்கும். நீங்கள் உருவாக்கும் டேபிள் பெயர்கள் எல்லாம் அந்த முன்னொட்டோடுதான் தொடங்கும். இது ரூம் அளவில் இல்லாமல், ஹாஸ்டலுக்கே போட்ட காம்பவுண்டு சுவர். வெளியே இருக்கும் ஒரு ஸ்கிரிப்ட் இன்க்ளூடை, அதாவது மற்ற ஸ்கிரிப்டுகள் கூப்பிடுவதற்காக எழுதி வைத்த பொது ஸ்கிரிப்டை, கூப்பிட வேண்டுமானால், அதன் ஸ்கோப் பெயரை முன்னால் சேர்க்க வேண்டும், அந்தப் பக்கத்துக்காரர் அதை எல்லா ஸ்கோப்புக்கும் திறந்து வைத்திருக்கவும் வேண்டும். சுவர் இருக்கிறதே என்று உள்ளே 'வேர்' இல்லாமல் எழுதினால், உள்ளே இருப்பவர்களோடு மோதல் வரத்தான் செய்யும்.

[திரை: இடப்பக்கம் பிரவுசர், வலப்பக்கம் சர்வர்.]

வேகமாக ஒன்று. கரன்ட் சர்வரில் மட்டும்தான். பிரவுசரில் ஓடும் கிளையன்ட் ஸ்கிரிப்டில் 'கரன்ட்' என்று எழுதினால் அப்படி ஒரு ஆளே கிடையாது, அங்கே இருப்பவர் திரையில் உள்ள ஃபார்மைக் கையாளும் ஜி ஃபார்ம். சர்வரிலிருந்து ஒரு மதிப்பை ஃபார்மோடு சேர்த்து அனுப்ப வேண்டுமா? ஃபார்ம் திறக்கும்போது ஓடும் டிஸ்பிளே வகை பிசினஸ் ரூலில், ஜி ஸ்கிராட்ச்பேட் என்ற தற்காலிகப் பெட்டியில் போட்டு அனுப்புங்கள், பிரவுசரில் அதே பெயரில் கிடைக்கும். வொர்க்ஃப்ளோவுக்கும் ஒரு ஸ்கிராட்ச்பேட் உண்டு, அந்த ஒரு ஓட்டத்துக்குள் மட்டும் செல்லும். இரண்டும் வேறு.

[திரை: பிசினஸ் ரூல் பட்டியல், மேலே ஃபில்டர்.]

இப்போது உங்கள் இன்ஸ்டன்ஸுக்கு, அதாவது உங்கள் நிறுவனத்துக்கென்று ஓடும் சர்வீஸ்நவ்வுக்கு, வாருங்கள். பிசினஸ் ரூல் பட்டியலைத் திறந்து மூன்று ஃபில்டர் போடுங்கள்: ஆக்டிவ் ஆக இருக்க வேண்டும், ஸ்கிரிப்டில் 'வேர்' இருக்க வேண்டும், 'ஃபங்ஷன்' என்ற சொல் இருக்கக் கூடாது. பழைய இன்ஸ்டன்ஸ் என்றால் பட்டியல் நீளமாகவே வரலாம். அதில் லூப்புக்குள் அப்டேட் செய்யும் ரூல்களை முதலில் எடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஃபங்ஷனுக்குள் அடைத்துவிடாதீர்கள். ஒரு ரூல் வெளியே விட்ட வேரியபிளை நம்பி இன்னொரு ரூல் ஓடிக்கொண்டிருக்கலாம். எழுதியவருக்கே தெரியாமல்கூட அது நடந்திருக்கும். சுற்றிக் கட்டியதும் அந்த இரண்டாவது ரூல் நின்றுவிடும். அதனால் டெவ் இன்ஸ்டன்ஸில் ஒவ்வொன்றாக மாற்றி, சோதித்துப் பாருங்கள். அந்த ஃபில்டரில் சிக்காத இன்னொரு வகையும் இருக்கிறது: டேபிள் என்ற இடத்தில் 'குளோபல்' என்று போட்டிருக்கும் பழைய ரூல்கள். அவற்றில் ஃபங்ஷன்கள் இருக்கும், ஆனால் எல்லோரும் கூப்பிட வேண்டும் என்றே வெளியே விட்டு வைத்தவை அவை. அவற்றை இன்னொரு ஃபங்ஷனால் சுற்றிக் கட்டினால் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் விழுந்துவிடுவார்கள். அந்த வேலை ஸ்கிரிப்ட் இன்க்ளூடுக்குப் போக வேண்டியது. எப்படி மாற்றுவது என்பதை அடுத்த வீடியோவில் செய்து காட்டுகிறேன்.