வாசலில் திணிக்கும் இருபது ரூபா

நேயர்களுக்கு வணக்கம்.

ஆராதனைக்கு இரண்டாம் மணியும் அடித்தாயிற்று. தேவாலய வாசலில் ஒரு தாய் கைப்பையைத் துழாவி, இருபது ரூபாத் தாள் ஒன்றை எடுத்து மகனின் கைக்குள் திணிக்கிறார். "காணிக்கைப் பை வரேக்க போடு, விழுத்திப்போடாத." பெடியன் அதை மடிக்கிறான், விரிக்கிறான், கப்பல் செய்கிறான். பிரசங்கம் நீண்டால் வாயிலும் வைக்கிறான். பை வந்ததும் போடுகிறான்.

கொடுத்தது யார்? தாய். பெடியன் இதில் தபாற்காரன் மட்டுமே. தன் பையில் கிடக்கும் காசுக்கட்டளைகளை நினைத்து, நான் எவ்வளவு தாராளமானவன் என்று எந்தத் தபாற்காரரும் மகிழ்வதில்லை.

கிறிஸ்தவக் குடும்பத்தில் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பழக்குவது பற்றிப் பேசும்படி கேட்டார்கள். பாடசாலையிலும் ஞாயிறு பாடசாலையிலும் நெடுங்காலம் படிப்பித்தவள் என்பதால் கேட்டிருப்பார்கள். படிப்பித்தவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்தது அவர்களுடைய நல்ல மனம். என் வீட்டில் நடந்ததைச் சொன்னால் அந்த எண்ணம் கொஞ்சம் மாறும்.

என் மகன் ஆறாம் வகுப்புக்குப் போனபோது புதிதாக ஒரு கொம்பாஸ் பெட்டி வாங்கிக் கொடுத்தோம். யாழ்ப்பாணத்தில் போரும் பொருளாதாரத் தடையுமாக இருந்த காலம். சவர்க்காரமும் மண்ணெண்ணெயும் நெருப்பு விலை. இரண்டாம் கிழமை வெறுங்கையோடு வந்தான். பக்கத்தில் இருக்கும் பெடியனிடம் இல்லையாம், கொடுத்துவிட்டானாம்.

"இரவலோ?"

"இல்லை அம்மா, குடுத்திட்டன்."

அதற்கு முந்தின ஞாயிறுதான், ஐந்து அப்பத்தையும் இரண்டு மீனையும் கொடுத்த பையனின் கதையை அவனுடைய வகுப்புக்கு நான் சொல்லியிருந்தேன். இருந்தும் எனக்கு வந்தது கோபம். "உனக்கென்ன, கொப்பர் பெரிய முதலாளியோ? நாளைக்கு வாங்கிக்கொண்டு வா" என்று ஏசினேன். மறுநாள் வாங்கிக்கொண்டு வந்தான். மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் கிணற்றடிக்குப் போய்விட்டான்.

இப்போது அவனுக்கு நாற்பது கடந்துவிட்டது. கனடாவில் இருக்கிறான். போன முறை வந்தபோது இதைக் கேட்டேன். நான் ஏசியது ஞாபகமில்லையாம். அந்தப் பெடியன் பெட்டியைச் சேட்டு நுனியால் துடைத்துத் திருப்பித் தந்ததுதான் ஞாபகமாம்.

அது பிள்ளையின் பொருளா, நாங்கள் வாங்கிய பொருளா என்று வாதாடலாம். நானும் பல வருடம் மனதுக்குள் வாதாடினேன். வாங்கிக் கொடுத்த பிறகு அது அவனுடையது. கொடுக்கமுன் வீட்டில் ஒரு சொல் கேள் என்று சொல்லலாம், அது வேறு. தனக்கென்று ஒன்றும் இல்லாத பிள்ளையிடம் கொடுக்கவும் ஒன்றும் இருக்காது. ஆகவே சின்னத் தொகையாவது அவர்கள் கையில் இருக்கட்டும். மாமா தந்த பிறந்தநாள் காசு, முட்டை விற்ற காசு, எதுவும். சில வீடுகளில் பத்தில் ஒன்றைக் கணக்காக எடுத்து வைக்கப் பழக்குவார்கள். நல்லதுதான், கணக்குப் பாடமும் வரும். எனக்கு அதில் அவ்வளவு ஆவல் இல்லை. பத்தை எண்ணி வைத்துவிட்டு, மீதித் தொண்ணூறைப் பற்றிக் கேட்கக் கடவுளுக்கே உரிமையில்லை என்று நடக்கும் பெரியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

ஏழை விதவை இரண்டு காசு போட்ட கதை மாற்கு 12ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஞாயிறு பாடசாலையில் படம் கொடுத்து நிறம் தீட்டச் சொல்வோம். ஒருநாள் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று, விதவையின் சேலைக்கு ஊதா தீட்டிக்கொண்டே, "ரீச்சர், அப்ப அவவுக்கு இரவுச் சாப்பாடு?" என்று கேட்டது. எனக்குப் பதில் வரவில்லை. வேதாகமத்திலும் இல்லை. ஆனால் அந்தக் கதைக்குச் சற்று மேலே பார்த்தால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிறவர்களை இயேசு கண்டிப்பது இருக்கிறது. அத்தனை வருடமும் அதை விட்டுவிட்டுத்தான் கதை சொல்லியிருக்கிறேன். இப்போது இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

சரி, கொடுப்பதைப் பற்றித்தான் இவ்வளவும். வாங்குவது?

1995 ஒக்டோபர் 30இல், போர் நெருங்கியதால், யாழ்ப்பாணத்தின் வலிகாமப் பகுதியே எழுந்து நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. நாங்களும் போனோம். முன்பின் தெரியாத ஒரு சைவக் குடும்பம் தங்கள் விறாந்தையை எங்களுக்கு விட்டது. அந்த வீட்டு அம்மா உலை வைக்கமுன், "பிள்ளை, உங்கட ஆக்கள் எத்தினை பேர்?" என்று மட்டும் கேட்பார். சமயம் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. ஊரைக் கேட்ட பிறகு நம் ஆட்கள் வழக்கமாகக் கேட்கும் அடுத்த கேள்வியையும் கேட்கவில்லை. தாராளம் என்றால் என்னவென்று என் பிள்ளைகள் கண்ணால் கண்டது அந்த விறாந்தையில்தான். அடுத்தவர் வீட்டுச் சோற்றுக்குக் கோப்பையை நீட்டும்போது கை எப்படிக் கூசும் என்றும் அங்கேதான் தெரிந்துகொண்டார்கள்.

அதனால்தான் சிறுவர் இல்லங்களில் நடக்கும் பிறந்தநாள் சாப்பாடு என் கண்ணில் குத்துகிறது. வெளிநாட்டிலிருந்து காசு வருகிறது, மதியம் நல்ல சாப்பாடு. அதை நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் சோறு ஆற ஆற, பிள்ளைகள் வரிசையாக நின்று, ஒருநாளும் காணாத ஒரு பிள்ளைக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடி, வீடியோவுக்குக் கை அசைக்க வேண்டும். அங்கே இருந்து அதைப் பார்க்கும் உங்கள் பிள்ளை எதைப் படிக்கும்?

இது புதிய வியாதி அல்ல. 1816இல் வந்த அமெரிக்க மிஷனரிமார் நம் ஊர்களில் விடுதிப் பள்ளிகள் நடத்தினார்கள். 1823இல் வட்டுக்கோட்டைச் செமினரி, 1824இல் உடுவில் பெண்கள் பாடசாலை. அந்தக் கல்விக்கு நாங்கள் கடன்பட்டவர்கள். ஆனால் அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் படிப்புக்குப் பணம் அனுப்பியவரின் பெயரையே இங்கே அந்தப் பிள்ளைக்குச் சூட்டும் வழக்கமும் இருந்தது. நம்மிடையே உள்ள ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் சில அப்படி வந்தவை. வலது கை செய்வதை இடது கை அறியாதிருக்கட்டும் என்ற வசனம் அப்போதும் மத்தேயுவில் இருந்ததுதான்.

நத்தாருக்குப் பக்கத்து வீடுகளுக்குப் பலகாரத் தட்டு அனுப்புவோம் அல்லவா? முன்பு வேலிப் பொட்டால் போகும். இப்போது மதில் வந்துவிட்டது, கேற்றால் போகட்டும். தட்டைப் பிள்ளையே அடுக்கட்டும். உடைந்த பயித்தம் பணியாரத்தை எங்கே வைக்கிறான் என்று பாருங்கள். தட்டிலே வைத்தால் ஏசாதீர்கள். அதை யாரிடம் பார்த்துப் பழகினான் என்று முதலில் யோசியுங்கள். எங்கள் வீட்டிலும் முழுசு உள்ளுக்கு, உடைசல் வெளியே என்று ஒரு காலம் இருந்தது.

அம்மம்மாவின் குசினியில் உலை வைக்கமுன் ஒரு பிடி அரிசி தனிப் பேணிக்குள் போகும். பிடியரிசி என்போம். சைவ வீடுகளில் அது கோயிலுக்கோ மடத்துக்கோ போகும், எங்கள் வீட்டில் சபைக்கு. இடையில் விட்டுப்போன அந்தப் பழக்கத்தைப் போன வருடம் மீண்டும் தொடங்கினேன். பேணி நிறைந்ததும் எங்கள் ஒழுங்கையில் தனியாக இருக்கும் ஒரு ஆச்சிக்குப் போகும்.

மகள் வழிப் பேத்திக்கு ஐந்து வயது. அரிசி போடுவது அவளுடைய வேலை. முதல் நாள் என் கையையும் தன் கையையும் மாறி மாறிப் பார்த்தாள். தன்னுடைய பிடி சின்னது என்று கண்டுபிடித்து இரண்டு பிடி போட்டாள். பிறகு உலைக்கு அரிசி அளந்து வைத்த சுண்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"அம்மம்மா, எங்களுக்குக் காணுமோ?"

காணும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "கொஞ்சம் குறையும்" என்றேன்.

பேணியைப் பார்த்தாள், சுண்டைப் பார்த்தாள். நல்ல நேரம் யோசித்தாள். போட்டதைத் திருப்பி எடுக்கவில்லை. நானும் சுண்டில் கூட அரிசி போடவில்லை.

நன்றி, வணக்கம்.