வாயில் காத்த அருள்சகோதரர்: புனித ஆந்திரே பெசெட்

அவைத் தலைவர் அவர்களே, அருள்தந்தையரே, துறவற சகோதர சகோதரிகளே, பெரியோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

குருப்பட்டம் பெறாமல், கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் என்னும் வார்த்தைப்பாடுகளை ஏற்று வாழ்நாளெல்லாம் உழைக்கும் அருள்சகோதரர்களைப் பற்றி நம் மேடைகள் அதிகம் பேசுவதில்லை. அந்தக் குறையைச் சிறிதேனும் போக்க விரும்பி, கனடாவின் மொன்றியல் நகரில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஒரு பள்ளியின் வாயிலைக் காத்த சகோதரர் ஆந்திரேயைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

கியூபெக் மாநிலத்தில் 1845 ஆகஸ்ட் 9 அன்று பிறந்த அல்ஃபிரெட் பெசெட்தான் பின்னர் துறவறத்தில் ஆந்திரே என்ற பெயரை ஏற்றவர். பிறவியிலேயே நோஞ்சான். ஒன்பது வயதில், மரம் வெட்டப் போன தந்தையை விபத்தில் இழந்தார். பன்னிரண்டு வயதில் தாயையும் காசநோய் கொண்டுபோனது. படிப்பு வாய்க்கவில்லை. செருப்புத் தைத்தார், ரொட்டி சுட்டார், கொல்லன் பட்டறையில் நின்றார், அமெரிக்கா சென்று நெசவாலைகளில் உழைத்தார். எந்த வேலையையும் அவருடைய உடல் நெடுநாள் தாங்கவில்லை.

இத்தகைய இளைஞரைத்தான், 1870-இல், “உங்களுக்கு ஒரு புனிதரை அனுப்புகிறேன்” என்று எழுதித் திருச்சிலுவை சபைக்கு அனுப்பி வைத்தார் அவருடைய பங்குத்தந்தை புரொவான்சால். சபை மேலாளர்களோ அவருடைய உடல்நிலையைக் கண்டு தயங்கினார்கள். மொன்றியல் ஆயர் பூர்ஜே அவருக்காகப் பரிந்து பேசினார். உழைக்க முடியாமல் போனாலும் இவர் நன்றாகச் செபிப்பார் என்று நவதுறவியர் பயிற்றுநரும் சொன்னார். 1874-இல் நித்திய வார்த்தைப்பாடு கொடுத்தவருக்கு நோத்ர்-தாம் பள்ளியின் வாயில் பணி நிலைத்தது. “சபையில் சேர்ந்ததும் எனக்கு வாசலைக் காட்டினார்கள், நாற்பது ஆண்டுகள் அங்கேயே இருந்துவிட்டேன்” என்று பிற்காலத்தில் அவரே வேடிக்கையாகச் சொல்வார்.

வாயில் பணி என்றால் மணியடித்தால் கதவு திறப்பது மட்டுமன்று. கடிதங்களைச் சேர்ப்பிப்பது, மாணவர்களுக்கு முடி வெட்டுவது, எல்லோரும் உறங்கிய பின் நீண்ட தாழ்வாரத்தை மண்டியிட்டுத் துடைப்பது என அனைத்தும் அவர் தலையில்தான் விழுந்தன. இவற்றிற்கிடையே, கதவைத் தட்டிய நோயாளிகளின் துயரத்தைக் கேட்டார். இயேசுவின் வளர்ப்புத் தந்தையான புனித சூசையப்பரின் சுரூபத்தின் முன் எரியும் விளக்கின் எண்ணெயைப் பூசிக்கொண்டு செபிக்கச் சொன்னார். குணமடைந்ததாகச் சாட்சி சொன்னவர்கள் ஏராளம். அந்தப் புகழைத் தம்மேல் சுமத்தியவர்களிடம் அவர் கடுமையாகவே பேசிவிடுவார். குணமளிப்பது சூசையப்பரின் பரிந்துரை, தாம் ஒன்றுமில்லை என்பார். அவருடைய வரலாற்றை எழுதுகிறவர்கள் அற்புதங்களையே விரித்துரைக்கிறார்கள். என் மனத்தில் நிற்பதோ, நாளெல்லாம் வந்தவர்களின் குறைகளைக் கேட்டுவிட்டு, மாலையில் வீடு வீடாகவும் மருத்துவமனைகளிலும் நோயாளிகளைத் தேடிச் சென்ற அந்தக் கால்கள்தாம்.

நோயாளிகள் பள்ளிக்குள் வருவதைப் பெற்றோர் எதிர்த்தனர். ஆகவே எதிரே இருந்த டிராம் நிறுத்தக் கொட்டகையில் அவர்களைச் சந்திக்கும்படி மேலாளர் பணிக்க, அவர் முணுமுணுப்பின்றிக் கீழ்ப்படிந்தார். பள்ளிக்கு எதிரே உயர்ந்து நின்ற மொன்றியல் மலையில் சூசையப்பருக்கு ஓர் ஆலயம் எழ வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. முடி வெட்டி ஐந்தைந்து சென்ட்டாகச் சேர்த்த பணமும் சிறு காணிக்கைகளுமாக இருநூறு டாலர் அளவில் திரண்ட தொகையைக் கொண்டு, 1904-இல் அங்கே பதினைந்துக்குப் பதினெட்டு அடியில் ஒரு மரச் சிற்றாலயம் எழுந்தது. உள்ளே சிலருக்குத்தான் இடம். கதவுகளை அகலத் திறந்துவைத்தால் மற்றவர்கள் புல்வெளியில் நின்று பங்கேற்கலாம்.

1909-இல் வாயில் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, அந்த ஆலயத்துக்கே முழுநேரப் பொறுப்பாளரானார். 1917-இல் கீழ்த்தளக் கோவில் எழுந்தது. 1924-இல் பேராலய வேலை தொடங்கியது. பொருளாதார வீழ்ச்சியால் 1931-இல் பணம் வற்றி, கட்டடம் கூரையின்றி நின்றது. 1936-இல் மேலாளர்கள் அவரிடம் ஆலோசனை கேட்டபோது, “உள்ளே சூசையப்பர் சுரூபத்தை வையுங்கள், கூரை வேண்டுமென்றால் அவரே பார்த்துக்கொள்வார்” என்று சொல்லிவிட்டார். சுரூபம் சுமந்து செல்லப்பட்டது. வேலையும் மீண்டும் தொடங்கியது. பேராலயம் முற்றுப்பெற 1967 வரை ஆயிற்று. அதைக் காண அவர் இல்லை. 1937 ஜனவரி 6 அன்று 91-ஆம் வயதில் அவர் இறந்தபோது, கடும் குளிரிலும் பத்து லட்சம் பேர் வரை அஞ்சலி செலுத்த வந்ததாகக் கூறுவார்கள்.

திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட் 2010 அக்டோபர் 17 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் அளித்தார். குருக்களும் பேராசிரியர்களும் பல்கலைக்கழக நிறுவனர்களும் நிறைந்த திருச்சிலுவை சபையில் முதன்முதலாகப் புனிதர் பட்டம் பெற்றவர் இவர்தான். சபையை நிறுவிய தந்தை பசில் மொரோவே, அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 2007-இல்தான் புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியான அருளாளர் நிலைக்கு உயர்த்தப்பட்டிருந்தார்.