மூன்று பூட்டுப் பெட்டியிலிருந்து மூன்று வருட நிதி வரை

[திரையில்: மூன்று பூட்டுகள் தொங்கும் மரப்பெட்டி]

இந்தப் பெட்டிக்கு மூன்று பூட்டு. சாவிகள் மூன்று பேரிடம். மூவரும் சேர்ந்து வந்தால்தான் திறக்கும். உள்ளே இருந்தது ஏழைக் கூலிக்காரர்களின் சில்லறைக் காசு. அந்தச் சில்லறையின் வழிவந்த பணத்தில் இன்று பிரிட்டனில் சின்னச் சின்னத் தொண்டு அமைப்புகள் கரண்ட் பில் கட்டுகின்றன! எப்படி? வாருங்கள்.

வணக்கம். 1810. ஸ்காட்லாந்தின் தெற்குப் பகுதியில் ரத்வெல் என்று ஒரு கிராமம். அங்கே ஹென்றி டங்கன் என்று ஒரு பாதிரியார். அந்தக் காலத்து வங்கிகளில் கணக்குத் தொடங்க 10 பவுண்டு வேண்டும். பண்ணைக் கூலிக்கு எங்கே போவது? டங்கன், "ஆறு பென்ஸ் இருந்தால் போதும்" என்று ஒரு சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். முதலில் பார்த்தீர்களே, அது இந்த வங்கியின் பெட்டிதான். அப்போது ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10 பவுண்டில் நானூறில் ஒரு பங்குதான் அவர் கேட்டது.

நம் வீட்டுப் பெண்கள் கடுகு டப்பாவில் சேர்த்து வைக்கும் சிறுவாடு இருக்கிறதே, கிட்டத்தட்ட அதுதான். ஆனால் டப்பாவில் இருக்கும் காசு குட்டி போடாது. டங்கன் எல்லோருடைய காசையும் ஒன்றாக்கிப் பெரிய வங்கியில் போட்டார். அங்கே 5 சதவீத வட்டி. சேமித்தவர்களுக்கு 4 சதவீதம். மிச்சத்தில் ஒரு பகுதி அறநிதிக்கு. இந்த இடத்தில் நான் நிறுத்தி நிறுத்தி யோசித்தேன். தானம் செய்ய வசதியே இல்லாதவர்களின் காசிலிருந்து, அவர்களுக்கு வலிக்காமல், ஒரு தானம்!

அப்புறம் நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி வங்கிகள் நாடெங்கும் பரவின, இணைந்தன, டி.எஸ்.பி. (டிரஸ்டி சேவிங்ஸ் பேங்க்) என்ற ஒரே வங்கி ஆயின. 1986-ல் அரசு அதைப் பங்குச் சந்தைக்குக் கொண்டு போனது. இந்த வங்கி யாருக்குச் சொந்தம் என்று வழக்கு வந்தது. போட்ட பணமும் வட்டியும் தவிர, வங்கியில் சேமிப்பாளர்களுக்கு உரிமை இல்லை என்று தீர்ப்பானது. எனக்கு அந்தத் தீர்ப்பில் இன்றும் மனக்குறைதான். ஆனாலும் ஒரு நல்லது நடந்தது: நான்கு அறக்கட்டளைகள் அமைத்து, வங்கியின் வரிக்கு முந்தைய லாபத்தில் 1 சதவீதம் அவற்றுக்கு என்று எழுதி வைத்தார்கள். 1995-ல் டி.எஸ்.பி. லாயிட்ஸ் வங்கியோடு இணைந்தது. நான்கில் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கானதுதான் இன்றைய லாயிட்ஸ் பேங்க் ஃபவுண்டேஷன்.

[திரையில்: 75,000 பவுண்டு, 3 வருடம்]

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்த அறக்கட்டளை 2022-ல் தொடங்கிய திட்டத்தில், ஆண்டு வருமானம் 25,000 முதல் 5 லட்சம் பவுண்டு வரை உள்ள சிறு அமைப்புகளுக்கு மூன்று வருடத்துக்கு 75,000 பவுண்டு கொடுத்தது. தொகையை விடுங்கள். அந்தப் பணம் இன்னதற்குத்தான் என்ற நிபந்தனை இல்லாத பணம். இதுதான் பெரிய விஷயம்!

ஏன் என்று சொல்கிறேன். வீடிழந்தவர்களுக்கு உதவும் ஒரு சின்ன அமைப்பை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாடகை அறை, இரண்டு ஊழியர்கள், பத்துத் தன்னார்வலர்கள். ஒருவர் "சமையல் பயிற்சிக்கு" என்று நிதி தருகிறார். அந்தப் பணத்தை வாடகைக்குத் தொட்டால் சட்டப்படி தப்பு. அடுப்பு புதுசு, பாத்திரம் புதுசு, வாடகை பாக்கி. திட்டம் ஒரு வருடத்தில் முடியும். நம்பி வந்த மனிதரின் கஷ்டம் ஒரு வருடத்தில் முடியுமா? அதற்குள் ஊழியர்களில் ஒருவர் அடுத்த விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்துவிடுவார். பெரிய அமைப்புகளில் அதற்கென்றே ஆள் இருக்கும். இங்கே எழுதுகிறவரும் சோறு போடுகிறவரும் ஒரே ஆள்.

வாடகையும் சம்பளமும் "நிர்வாகச் செலவு" என்று முகம் சுளிப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் அடிபட்ட பெண் கதவைத் தட்டும்போது உள்ளே ஒருவர் இருக்க வேண்டும் இல்லையா? அந்த ஒருவர்தான் நிர்வாகச் செலவு.

லாட்டரிப் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் நேஷனல் லாட்டரி கம்யூனிட்டி ஃபண்டும் சிறு அமைப்புகளுக்குத் தருகிறது. அதன் ஒரு திட்டத்தில் 20,000 பவுண்டு வரை. அதற்குத் தனி வீடியோ போடுகிறேன்.

உங்கள் ஊரில் இப்படி ஒரு சின்ன அமைப்பில் வேலை செய்கிறீர்களா? நிதி கேட்டுப் போனபோது எந்தச் செலவை வெட்டச் சொன்னார்கள் என்று கமெண்டில் எழுதுங்கள். ஒவ்வொன்றையும் நானே படிக்கிறேன்.

[திரையில்: மீண்டும் மரப்பெட்டி]

டங்கன் தொடங்கிய அந்த வங்கிக் கட்டடம் ரத்வெல்லில் இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. அந்தப் பக்கம் போனால், பெட்டியின் பூட்டுகளை எண்ணிப் பாருங்கள்.