மே 1: நாலாவது கடையில் கிடைத்த பகெத்

வணக்கம் மக்களே. ஆறு மாடி ஏறி வந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை, அதனால் கொஞ்சம் மெதுவாகப் பேசுகிறேன். முதலில் இதைக் கேளுங்கள். மைக் பக்கத்தில் வைத்து அழுத்துகிறேன்... கேட்டதா? இன்னொரு முறை. பகெத், அதாவது நீளமான பிரெஞ்சு ரொட்டி. அதன் இந்த மொறுமொறு சத்தத்துக்காக இன்று காலை பாரிஸில் ஒரு மணி பத்து நிமிடம் நடந்தேன்.

இன்று 2025 மே 1. பிரான்சில் 11 அரசு விடுமுறைகள் உண்டு. மற்றவற்றில் முதலாளி கடையைத் திறந்து வேலை வாங்க வழி இருக்கிறது. மே 1 மட்டும் சட்டப்படி எல்லோருக்கும் சம்பளத்தோடு கட்டாய ஓய்வு. மருத்துவமனை, போக்குவரத்து மாதிரி நிறுத்தவே முடியாத வேலைகளுக்குத்தான் விலக்கு. ரொட்டிக் கடை அதில் சேருமா சேராதா என்பதுதான் இப்போது நாட்டையே பிடித்து ஆட்டுகிற சண்டை.

காலை எட்டு மணிக்கு என் வழக்கமான கடைக்குப் போனேன். மூடியிருந்தது. அடுத்த தெருவில் இருப்பதும் அப்படியே. மூன்றாவதில் ஷட்டர் பாதி தூக்கியிருந்தது, ஓடிப் போய்ப் பார்த்தால் ஒருவர் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார். எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. நேற்று வைத்த மீன் குழம்பு வீட்டில் இருக்கிறது, தொட்டுக்கொள்ள ரொட்டி இல்லை. எங்கள் புதுச்சேரி வீட்டில் குழம்பும் பிரெஞ்சு ரொட்டியும் விடுமுறை நாள் வழக்கம். அதை நான் விடுவதாக இல்லை.

வழக்கமான கடை என்றதும் அந்தப் பத்து சாந்திம் ஞாபகம் வருகிறது (நூறு சாந்திம் ஒரு யூரோ). ஜனவரியில் அவர்கள் பகெத் விலையை 1 யூரோ 30இலிருந்து 1 யூரோ 40 ஆக்கினார்கள். அதைப் பற்றி நான் பேசிய வீடியோவில், “பத்து சாந்திமுக்கு இவ்வளவு பேச்சா?” என்று பலர் கேட்டிருந்தீர்கள். ஆமாம், இவ்வளவு பேச்சுதான். தினம் ஒன்று வாங்கினால் வருடத்துக்கு 36 யூரோ 50. பணத்தை விடுங்கள், இந்த ஊரில் ரொட்டி விலை என்பது அரசியல். 1986 வரை விலை அரசாங்கத்தின் பிடியில் இருந்தது, 1987இல்தான் முழுசாக விட்டார்கள். 1789 அக்டோபரில் ரொட்டி கேட்டு அரசர் இருந்த வெர்சாய் வரை நடந்தவர்கள் பாரிஸ் பெண்கள். அரசரையும் அரசியையும் பிள்ளையையும் கையோடு அழைத்து வந்தபோது, “ரொட்டிக்காரர், ரொட்டிக்காரர் மனைவி, ரொட்டிக்காரர் பையன்” என்று கூட்டம் கூவியதாம்.

அவ்வளவு பின்னால் போக வேண்டாம் என்றால் 2016க்கு வாருங்கள். ஜனாதிபதி தேர்தலுக்கு வலதுசாரிக் கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கிற போட்டி. ஜான்-பிரான்சுவா கோப்பே என்ற தலைவரிடம் ரேடியோவில் ஒரு பேன் ஓ ஷொக்கொலா, அதாவது சாக்லேட் வைத்த பன், என்ன விலை என்று கேட்டார்கள். 10, 15 சாந்திம் இருக்கும் என்றார். அப்போதே ஒரு யூரோவைத் தாண்டியிருந்தது! அந்தப் போட்டியில் அவருக்குக் கிடைத்தது 0.3 சதவீதம். ரொட்டிக் கடை வாசலை மிதிக்காதவருக்கு ஏன் ஓட்டுப் போட வேண்டும்? 2022இல் லெக்லெர்க் சூப்பர்மார்க்கெட் பகெத்தை 29 சாந்திமுக்கு விற்றபோது ரொட்டிக்காரர்களும் கோதுமை விவசாயிகளும் சேர்ந்து கொதித்தார்களே, அவர்கள் பக்கம்தான் நானும். அந்த விலையில் கையால் பிசைந்த ரொட்டி வரவே வராது.

சரி, நாலாவது கடை. தமிழ்க் கடைகள் நிறைந்த லா ஷப்பேல் பக்கம் நடந்தேன், சந்து திரும்பியதும் வரிசை. இருபது பேராவது இருப்பார்கள். உள்ளே ஒரே ஒரு ஆள், யாழ்ப்பாணத்து அண்ணன். என் முறை வந்ததும் முகத்தைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே கேட்டார்: “எத்தினை பாண் வேணும், தம்பி?” பாரிஸில் நின்றுகொண்டு பகெத்தைப் ‘பாண்’ என்று கேட்டது எவ்வளவு இனிமையாக இருந்தது தெரியுமா! போர்த்துக்கீசியர் இலங்கையில் விட்டுப்போன சொல் அது. பிரெஞ்சு ‘பேன்’ என்பதும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான்.

“தனியாவா அண்ணா நிற்கிறீங்க?” என்று கேட்டேன். “ஓம். இண்டைக்கு வேலையாக்களைக் கூப்பிடக் கூடாது. ராத்திரி ரெண்டு மணிக்கு நானே மா குழைச்சனான், நானே விக்கிறன்.” முதலாளி தானே வேலை செய்தால் தடையில்லை. தொழிலாளியை வைத்தால் தலைக்கு 750 யூரோ வரை அபராதம். அப்படி ஆள் வைத்ததற்காக மேற்கு பிரான்சின் வாந்தே பகுதியில் ஐந்து ரொட்டிக்காரர்கள் மேல் வழக்குப் போட்டு, போன வெள்ளிக்கிழமை, ஏப்ரல் 25, நீதிமன்றம் விடுவித்தது. அதை வைத்துச் சட்டத்தையே தளர்த்தலாம் என்று இப்போது அரசாங்கம் பேசுகிறது. விரும்புகிறவர்கள் மட்டும் வேலைக்கு வரட்டும், இரட்டைச் சம்பளம் வாங்கட்டும் என்கிறார்கள்.

எனக்கு இது பிடிக்கவே இல்லை. “எட்டு வருசம் நான் இன்னொருத்தரிட்டை இரவு வேலை செய்தனான். மே ஒண்டில மட்டும்தான் பிள்ளையளோட இருந்து காலமைத் தேத்தண்ணி குடிச்சனான்” என்றார் அண்ணன். விசா புதுப்பிக்கக் காத்திருக்கிற ஒரு பையன் முதலாளியிடம் ‘நாளைக்கு வர விருப்பமில்லை’ என்று சொல்ல முடியுமா? எனக்கு மூன்று கடை மூடியிருந்தால் மூடியிருக்கட்டும், நான் நடந்துகொள்கிறேன்.

ஒன்று விட்டுவிட்டேன். வெறும் ‘பகெத்’ என்று கேட்காதீர்கள், ‘திரதிசியோன்’, அதாவது பாரம்பரிய முறைப் பகெத், என்று கேளுங்கள். 1993 அரசாணைப்படி அதில் உறைய வைத்த மாவு கூடாது, பதப்படுத்தவோ தரம் கூட்டவோ சேர்க்கிற ‘அடிட்டிவ்’ எதுவும் போடக் கூடாது. கூடவே ‘பியன் குயித்’, நன்றாக வெந்தது, என்று சொல்லுங்கள். வெளுத்துப்போன பகெத் கேட்கிறவர்களை என்னால் புரிந்துகொள்ளவே முடிவதில்லை. 2023இல் பாரிஸின் சிறந்த பகெத் பரிசை வாங்கி, ஒரு வருடம் ஜனாதிபதி மாளிகைக்கே ரொட்டி கொடுத்த தர்ஷன் செல்வராஜா நம் ஆள்தான். அந்தப் பரிசுக்குப் பார்ப்பதில் முக்கியமான ஒன்று ரொட்டி வெந்த பதம்.

ம்யூகே பூவும் (ஆங்கிலத்தில் லில்லி ஆஃப் தி வேலி) வாங்கினேன், இதோ, மணி மணியாக வெள்ளையாக. மே 1இல் மட்டும் யார் வேண்டுமானாலும் தெருவில் நின்று விற்கலாம். ஒரு சின்னப் பெண்ணிடம் 3 யூரோ கொடுத்தேன்.

ஐயோ, அண்ணன் கடை விலையைச் சொல்லவில்லையே! 1 யூரோ 20. திரதிசியோன், பியன் குயித், இருபது சாந்திம் குறைவு. இனி தினமும் அங்கேதான். சரி, குழம்பு சூடாகிவிட்டது, நான் சாப்பிடப் போகிறேன்.