"இடைவேளைக்குப் பிறகு" என்று சொல்லியே காலையை ஓட்டிவிட்டார்கள்

வணக்கம் மக்களே. இன்றைக்குப் போடவேண்டிய வீடியோவை நாளைக்குத் தள்ளியாச்சு, ஏனென்றால் ரேடியோ மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் இறங்கவில்லை. பழைய வீடியோக்கள் பார்த்தவர்களுக்குத் தெரியும், எழுந்ததிலிருந்து படுக்கிறவரை பேச்சு ரேடியோதான் என் காதில் ஓடும், பாட்டு ஸ்டேஷன் பக்கமே போகமாட்டேன்.

விஷயம் இதுதான். காலை ஆறு மணிக்குத் தொகுப்பாளர் இன்றைய தலைப்புகளை வாசித்தார். சிறுவர்களுக்குச் சமூக ஊடகத் தடை, வட்டி விகிதம், அலுவலகத்துக்கு வாரத்தில் எத்தனை நாள் வரவேண்டும், கடைசியாக, தரைக்கு அடியில் கசிகிற குடிநீர்க் குழாய்கள். கடைசித் தலைப்பைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த மாதிரி விஷயத்தையெல்லாம் இவர்கள் எடுப்பதே அபூர்வம்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. "குழாய்க் கசிவு, இடைவேளைக்குப் பிறகு." விளம்பரம் முடிந்தால் சமூக ஊடகம். "குழாய்க் கசிவு, செய்திக்குப் பிறகு." செய்தி முடிந்தால் மறுபடியும் சமூக ஊடகம். இது சும்மா நடப்பதில்லை, இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் நீல்சன் நிறுவனம் நேயர்களைக் கால் மணி நேரம், கால் மணி நேரமாகத்தான் எண்ணுகிறது. ஒரு கால் மணி நேரத்துக்குள் ஐந்து நிமிடம் கேட்டாலே அந்தக் கால் மணி நேரம் முழுக்கக் கேட்டதாகக் கணக்கு. 2025-இலிருந்து அதுவும் மூன்று நிமிடமாகிவிட்டது. அப்படியென்றால் என்ன செய்வார்கள்? விளம்பரத்தைத் தாண்டியும் நம்மை மூன்று நிமிடம் இழுத்துவைத்தால் போதும், இன்னொரு கால் மணி நேரம் அவர்கள் பையில். அந்த "இடைவேளைக்குப் பிறகு" நமக்குத் தரும் தகவல் இல்லை, தூண்டில் முள்.

சமூக ஊடகத் தலைப்பு வேண்டாத தலைப்பு என்று சொல்லவில்லை. ஆஸ்திரேலியா 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கணக்கு கூடாது என்று 2024 நவம்பரில் சட்டம் போட்டு, 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைக்கும் கொண்டுவந்துவிட்டது, பேசவேண்டிய விஷயம்தான். ஆனால் போன் செய்தவர்களில் பாதிப்பேர் "பெற்றோருக்கு அபராதம் போடுவது நியாயமா?" என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தச் சட்டத்தில் பெற்றோருக்கும் அபராதம் கிடையாது, பிள்ளைகளுக்கும் கிடையாது, தளம் நடத்துகிற கம்பெனிக்குத்தான், அதுவும் 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரைக்கும். தொகுப்பாளர் ஒரே வரியில் திருத்தியிருக்கலாம். மாட்டார். திருத்தினால் சண்டை நின்றுவிடும், சண்டை நின்றால் போன் நின்றுவிடும். தலைப்புகளை வரிசைப்படுத்துவதும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது: எது முக்கியம் என்று பார்ப்பதில்லை, எதற்கு யோசிக்காமலேயே கருத்துச் சொல்ல முடியுமோ அது முதலில். வட்டி விகிதத்துக்கு ஒருவர் ஏற்றவேண்டும் என்றார், ஒருவர் இறக்கவேண்டும் என்றார், முடிந்தது.

குழாய் எப்போது வந்தது தெரியுமா? 11:48-க்கு. பன்னிரண்டுக்குச் செய்தி, நடுவில் ஒரு விளம்பரம் வேறு, மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் குழாயைப் பற்றிப் பேச வந்த பொறியாளர் இருக்கிறாரே, என்ன மனிதர்! கசிவை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டதும், ராத்திரி இரண்டு மணியிலிருந்து நான்கு மணி வரைக்கும் என்றார். ஊரே தூங்குகிற நேரம், யாரும் குளிப்பதில்லை, துவைப்பதில்லை, அப்போதும் மீட்டர் வேகமாக ஓடினால் தண்ணீர் எங்கேயோ மண்ணுக்குள் போகிறது என்று அர்த்தம். பிறகு ஆள் போய், வால்வு மேல் ஒரு நீளக் கம்பியின் முனையை ஊன்றி மறுமுனையில் காதை வைத்துக் கேட்பாராம், கசிகிற இடத்தை நெருங்க நெருங்க அந்த இரைச்சல் கூடுமாம். கருவிகள் எவ்வளவோ வந்தபிறகும் இந்தக் கம்பி இன்னும் போகவில்லை. காலை முழுக்க நான் இதற்காகத்தானே உட்கார்ந்திருந்தேன்!

அட, ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன், நான் போன் செய்தேன். ஆமாம், பதினொன்றரைக்கே. போனை எடுப்பவர் தொகுப்பாளர் இல்லை, தயாரிப்பாளர் பக்கத்து ஆள். பெயர், எந்தத் தலைப்பு, என்ன சொல்லப் போகிறீர்கள், ஒரே வாக்கியத்தில். அங்கேதான் பாதிப்பேர் வடிகட்டப்படுகிறார்கள். அப்புறம் "வீட்டில் ரேடியோவை அணைத்துவிடுங்கள்" என்பார், ஏனென்றால் யாராவது கெட்ட வார்த்தை பேசினால் வெட்டுவதற்காக நேரலையைச் சில விநாடி தாமதித்துத்தான் வெளியே விடுகிறார்கள். ரேடியோ ஓடினால் நீங்கள் பேசியதே பின்னாலிருந்து உங்களுக்குக் கேட்கும், நாக்கு குழறிவிடும். பிறகு காத்திருப்பு இசை, அதே நாலு சுரம், திரும்பத் திரும்ப. மக்களே, வெட்டாமல் எடுத்துக்கொண்டார்கள்! "வணக்கம், நேயரே" என்றதும் கை நடுங்கியது, ஆனாலும் கேட்டுவிட்டேன்: இப்போது பிளாஸ்டிக் குழாய்தானே போடுகிறார்கள், அதிலும் அந்தச் சத்தம் கேட்குமா? பொறியாளர் உற்சாகமாகி, "நல்ல கேள்வி, இரும்பில் சத்தம் தூரம் போகும், பிளாஸ்டிக்கில் சீக்கிரம் அடங்கிவிடும், அதனால்தான்..." என்றார். டிங். பன்னிரண்டு மணிச் செய்தி.

அதனால்தான் என்ன? அதனால்தான் என்னய்யா?

செய்திக்குப் பிறகு தொடர்வார்கள் என்று நினைத்தீர்களா? அலுவலகத்துக்கு எத்தனை நாள் வரவேண்டும். இணையத்தில் ஏற்றிய பதிவைப் போட்டுப் பார்த்தேன், அதிலும் அதே இடத்தில்தான் முடிகிறது, அதுகூடப் பரவாயில்லை, என் பெயரையும் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்களில் குழாய் வேலை தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் அந்த "அதனால்தான்"-ஐ முடித்துக் கீழே எழுதுங்கள், எழுதினால் பின் செய்து மேலே வைக்கிறேன். ரேடியோ ஸ்டேஷனில் வேலை பார்க்கிறவர்களும் எழுதுங்கள், காலைப் பட்டியலை உங்கள் இடத்தில் யார் முடிவு செய்கிறார்கள், போன் கோடுகள் காலியாக இருந்தால் எந்தத் தலைப்பைத் தூக்குவார்கள் என்று.